இருபத்தேழு டிகிரியில் உறைந்த மருந்து

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுறேன். நானும் அப்பாவும் சௌக்கியம், அவருக்கு இருமல் விட்டுடுச்சு, நீயும் மாப்பிள்ளையும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லா இருப்பீங்கன்னு நம்பித்தான் எழுத உட்கார்ந்தேன். என்னை வேலையை விட்டு நிறுத்திட்டாங்கன்னு உன் மாமா போன்ல சொன்னதைக் கேட்டு அழுதியாமே. அவன் சொன்னது பாதிதான் நிஜம், மீதியை நான் சொல்றேன், பதறாம படி.

எங்க லேப்ல பண்ற மருந்து உனக்குத் தெரியும், ஃப்ரிட்ஜ்ல இருக்கும்போது தண்ணி மாதிரி ஓடும், ஊசியில ஏத்தி உடம்புக்குள்ள போட்டா அந்தச் சூட்டுக்குக் கெட்டியாகி போட்ட இடத்திலேயே உட்கார்ந்துக்கும். மெழுகு சூட்டுல உருகும், இது நேர் தலைகீழ். உள்ளே இருக்கிற மருந்து ஒரு மாசத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமா கசியும், அப்புறம் மருந்தைப் பிடிச்சு வெச்சிருக்கிற பாலிமர்ங்கிற பசையும் தானா சிதைஞ்சு கரைஞ்சு போயிடும், வெட்டி எடுக்க வேண்டியதில்லை. முதல் தடவையா ஒரு ஆளுக்குப் போட நாள் குறிச்சாச்சு. கழுத்துல புற்றுநோய்க் கட்டி எடுக்கப்போற ஒரு தையல்காரம்மா, வழக்கமான மருந்தை ரத்தத்துல ஏத்தினா விரல் மரத்துப்போகுமேன்னு பயந்து இதுக்குச் சம்மதிச்சவங்க.

அனுப்புறதுக்கு மூணு நாள் முன்னாடி கடைசிச் சோதனை பண்ணினேன். கண்ணாடிக் குழாயைத் தண்ணித் தொட்டியில வெச்சு ஒவ்வொரு டிகிரியா சூடு ஏத்தி, எடுத்துக் கவிழ்த்துப் பார்க்கணும், அவ்வளவுதான். முப்பத்திரண்டுல உறைய வேண்டியது இருபத்தேழுலயே அசையாம நிக்குது. டாக்டர் கையில ஊசி கொஞ்ச நேரம் இருந்தாலே பாதியில அடைச்சுக்கும். மேனேஜர்கிட்ட சொன்னா தெர்மாமீட்டர் கெட்டிருக்கும்னார், மூணு தெர்மாமீட்டர் வெச்சுக் காட்டினேன். ஆஸ்பத்திரிக்குத் தேதி சொல்லியாச்சும்மா, நல்லா குளிரவெச்சுப் போடச் சொல்லலாம், நீங்க கையெழுத்துப் போடுங்கன்னார். போட மாட்டேன்னுட்டேன்.

அன்னிக்குச் சாயந்திரம் தப்பு எங்கேன்னு தேடினேன். அந்தப் பாலிமர்ல தண்ணியோட சேர்ற பாகம் ஒண்ணு, சேராத பாகம் ஒண்ணு. சேர்ற பாகம் குறைஞ்சா சீக்கிரமே உறைஞ்சிடும். அதை எடை போட்ட சீட்டை எடுத்துப் பார்த்தா, தட்டை வெச்சப்புறம் தராசைப் பூஜ்யமாக்கின வரியே இல்லை, தட்டோட கனத்தையும் சரக்குன்னு எடுத்திருக்கு. கீழே இருந்த கையெழுத்து என்னோடது. ரூம்ல யாரும் இல்லை. உன்கிட்ட மறைப்பானேன், ஒரு நிமிஷம் அந்தச் சீட்டை மடிச்சுக் கையில வெச்சிருந்தேன். அப்புறம் பிரிச்சு நேரா மேனேஜர் மேசையில வெச்சு, தப்பு என்னோடதுதான் சார்னு சொன்னேன். விசாரணை முடியற வரைக்கும் வீட்ல இருங்கன்னார். இதுதான் மாமா சொன்ன பாதி.

பதினாறு நாள் இருந்தேன். ஆறுதலா இருக்கட்டும்னு அப்பா மூணு வேளையும் அவரே சமைச்சார், கம்பெனி கொடுத்த தண்டனையே தேவலை. பதினேழாம் நாள் மேனேஜரே கூப்பிட்டு, புதுச் சரக்கு ரெடி, நீங்களே வந்து கவிழ்த்துப் பாருங்கன்னார். முப்பத்தொண்ணுல ஓடிச்சு, முப்பத்திரண்டுல நின்னுது. கையெழுத்துப் போட்டேன். போன செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் முடிச்சு அந்தம்மாவுக்குப் போட்டாங்க, ஊசி வழுக்கிட்டுப் போச்சுன்னு டாக்டர் சொன்னாராம். என்னால அவங்க இத்தனை நாள் காத்திருந்தாங்களேங்கிறது மட்டும் இன்னும் உறுத்துது. குணமாகுமான்னு இப்பவே சொல்ல முடியாது, பல மாசம் பார்க்கணும். ஆனா நேத்து வார்டுல கட்டில்லயே உட்கார்ந்து நூல் கோத்து ஒரு நர்ஸோட கோட்டுக்குப் பட்டன் தெச்சுக் கொடுத்தாங்களாம். அதைக் கேட்டுட்டு பாத்ரூம் போய் முகம் கழுவிட்டு வந்தேன்.

அடுத்த சரக்குக்கு எடை போட வேற ஆளை வெச்சுக்கலாமான்னு மேனேஜர் மெதுவாக் கேட்டார். வேண்டாம் சார், பக்கத்துல ஒருத்தர் நின்னு பார்க்கட்டும், எடை நான்தான் போடுவேன்னு சொல்லிட்டேன். திங்கட்கிழமை காலையில போடறேன்.

நீ குளிர்ல காதை மூடாம வெளியே போகாதே, பல்வலிக்கு டாக்டரைப் பார்க்கிறதைத் தள்ளிப்போடாதே. ரெண்டு பேரும் ஒத்துமையா, தீர்க்காயுசா இருங்க.

என்றும் உன் நினைவாக,
அம்மா