வாசலில் போட்ட பெஞ்சு

இன்று காலை என் வீட்டுக்காரர் தன் பெல்ட்டை நீட்டி, "இதுக்கு இன்னொரு ஓட்ட போட்டுக் குடு" என்றார். நல்ல கடையில் வாங்கியது, அதிக நாளாகவில்லை. இழுத்துப் பார்த்தேன். கையோடு நீண்டுகொண்டே வந்தது. "இது வயித்துத் தோலுங்க. எத்தன ஓட்ட போட்டாலும் நிக்காது" என்றேன். சொன்ன பிறகுதான் அது உங்கள் பேச்சு என்று உறைத்தது. ஆம்பூரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு, தோலில் முதுகுப் பக்கம் கெட்டி, வயிற்றுப் பக்கம் இழுபடும் என்று காட்டிக் கொடுத்ததே நீங்கள்தான். நீங்கள் கண்மூடி நாற்பது நாள்கூட ஆகவில்லை. அழுகை வரும் என்று பார்த்தால் கோபம்தான் வருகிறது. அதையும் உங்களிடம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரே பள்ளியில் பதினோராம் வகுப்புக்கு நான் வணிகவியல் எடுத்தேன், நீங்கள் பொருளியல் எடுத்தீர்கள். என் வேலை நிரந்தரம். உங்கள் வேலை நிர்வாகத்தின் தயவில் வருடா வருடம் நீள்வது. உங்கள் வீட்டில் சம்பளம் என்று வந்தது அது ஒன்றுதான். ஆனாலும் ஸ்டாப் ரூமில் பயந்து பேசியவள் நான், சத்தமாகச் சிரித்தவர் நீங்கள். பேரணாம்பட்டு பஸ்ஸில் நின்றபடியே வந்து, கழற்றிய புர்காவை மடித்துப் பைக்குள் திணித்துக்கொண்டே ஒருநாள் சொன்னீர்கள்: "சந்தை, போட்டி, லாபம்னு பக்கம் பக்கமா நடத்துறோம் மிஸ். இதுங்க இதுவரைக்கும் ஒரு குண்டூசிகூட வித்தது இல்ல."

அப்படித்தான் வகுப்பில் கம்பெனி பிறந்தது. ஆளுக்குக் கொஞ்சம் பங்குப் பணம் போட்டார்கள். பெயர் வைப்பதற்கே இரண்டு பீரியடு சண்டை போட்டார்கள். சங்கீதாவைத் தலைவியாகத் தேர்ந்தெடுத்தார்கள். அவள் அப்பா ஷூ கம்பெனியில் லோடு ஏற்றுபவர், அவளிடமோ பேச்சில் வக்கீலே தோற்றுப்போவார். என்ன செய்வது, எங்கே வாங்குவது, என்ன விலைக்கு விற்பது எல்லாம் அவர்கள் பாடு. நான் மூக்கை நுழைக்கப் போனபோதெல்லாம் என் கையைப் பிடித்து இழுத்தீர்கள். "நாம சொல்லிக் குடுத்தா அது நம்ம கம்பெனி ஆயிடும் மிஸ். விடுங்க, பேஜார் ஆவாதீங்க."

விட்டோம். தோல் மண்டியில் ஓரம் வெட்டிப் போட்ட நீளத் துண்டுகள் மலிவாகக் கிடைத்ததில் பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை. அத்தனை நீளத் துண்டு அத்தனை மலிவாக ஏன் கிடைக்கிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. சாயம் பூசி, ஓரம் தைத்து, பக்கிள் மாட்டிய பிறகுதான் பெல்ட்டுகள் நம் கண்ணில் பட்டன. பார்வைக்குப் பளபளவென்றுதான் இருந்தன. விளையாட்டு விழா அன்று பெற்றோர் கூட்டத்தில் ஒன்றுகூட மிஞ்சாமல் விற்றுப்போயின. லாபத்தைப் பங்கு பிரித்தார்கள், கணக்கை முடித்துக் கம்பெனியை முறைப்படி கலைத்தார்கள், எல்லாருமாகச் சேர்ந்து பிரியாணி சாப்பிட்டார்கள். நமக்கும் ஆளுக்கு ஒரு பொட்டலம் வந்தது.

இரண்டு வாரம் கழித்து ஓர் ஆட்டோக்காரர் பள்ளி வாசலில் பெல்ட்டை மாலை மாதிரி கழுத்தில் போட்டுக்கொண்டு நின்றார். "இன்னாம்மா இது, பெல்ட்டா, ரப்பரா? நானும் என் பையனும் ஒண்ணா உள்ள பூந்துக்கலாம் போல கீது." நான் சிரித்துவிட்டேன். நீங்கள் சிரிக்கவில்லை. பெல்ட்டை வாங்கி ஒரு இழு இழுத்தீர்கள், முகம் மாறியது. "வயித்துத் தோல் மிஸ். மொத்தமும் இதான்" என்றீர்கள்.

மறுநாள் ஏழெட்டுப் பேர், அதற்கடுத்த நாள் இன்னும் ஜாஸ்தி. தலைமையாசிரியர் நம் இருவரையும் அறைக்கு அழைத்தார். என்னைப் பார்க்கவே இல்லை, உங்களிடம் மட்டும் பேசினார். "ஸ்கூல் பேர் கெடுது. வர்றவங்களுக்கு உங்க கையிலருந்து குடுத்து சத்தமில்லாம முடிங்க. வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் வாசல்ல ஒரு ஆள் நிக்கக்கூடாது. நின்னா, அப்புறம் உங்க விஷயத்துல என்னால எதுவும் பண்ண முடியாது." உங்கள் வேலை போகும் என்பதை இதைவிடப் பதமாக யாரும் சொல்ல முடியாது.

வெளியே வந்ததும், பாதியை நான் போடுகிறேன் என்றேன். "நாம குடுத்தா அது தர்மம். வித்தவங்க குடுக்கணும்" என்றீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று பிற்பகல் வகுப்பில் நானும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நடந்ததைச் சொல்லி, என்ன செய்யலாம் என்று கேட்டீர்கள். சங்கீதா எழுந்தாள்.

"மிஸ், அது லிமிடெட் கம்பெனி. போட்ட பங்குக்கு மேல எங்களுக்குப் பொறுப்பு கிடையாது. அந்தக் கம்பெனியையும் கலைச்சாச்சு. இப்ப யார் மேல கேஸ் போடுவாங்க? பின்னாடி உக்காந்திருக்காங்களே, அந்த மிஸ் நடத்துன பாடம்தான்."

வகுப்பு மொத்தமும் என் பக்கம் திரும்பியது. நான் நடத்திய பாடம்தான், வரிக்கு வரி சரி. நல்ல மார்க் போடுவதா, நாலு அறை வைப்பதா என்று தெரியவில்லை. நீங்கள் திட்டுவீர்கள் என்று எதிர்பார்த்தேன். நீங்களோ சாக்பீஸை மேஜை மேல் வைத்துவிட்டு, "நீ சொல்றது கரெக்டு" என்றீர்கள். ஒரு பையன் விசில் அடித்தான்.

"விக்கறதுக்கு உங்களுக்குச் சுதந்திரம் இருந்துச்சு. நான் குறுக்க வரல. இப்பவும் வர மாட்டேன். வெள்ளிக்கிழமை காலையில வரச் சொல்லியிருக்கேன், அவங்க வாசல்ல வந்து நிப்பாங்க. அவங்க முன்னாடி யார் போய் நிக்கறதுன்னு நீங்களே பேசிக்குங்க."

அவ்வளவுதான். மணி அடித்தது, போய்விட்டீர்கள்.

வியாழக்கிழமை மாலை பஸ் ஸ்டாண்டில் உங்களோடு நின்று சண்டை போட்டேன். ஞாபகம் இருக்கிறதா? பூக்காரம்மா திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். "உங்க வேலை போவப்போவுதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா பிள்ளைங்க ஓடி வருவாங்க. நீங்க சொல்ல வேணாம், நான் சொல்றேன்."

"சொல்லாதீங்க. எனக்காகப் பாவம் பார்த்து வந்தா, நாளைக்கு வேற ஊர்ல, தெரியாத ஆளுக்கு வித்தா, வர மாட்டாங்க." பஸ் வந்துவிட்டது. படியில் ஏறிக்கொண்டே திரும்பி, "சத்தியமா சொல்லக்கூடாது" என்றீர்கள். உங்கள் பிடிவாதத்துக்கு உங்கள் வீட்டு அடுப்பு அணைய வேண்டுமா என்று கேட்க வாயெடுப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

வெள்ளிக்கிழமை பள்ளி திறக்கும் முன்பே வந்துவிட்டேன். வாசலில் ஆட்டோக்காரரும் இன்னும் பலரும் இருந்தார்கள். பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டு அவர்களைத் தாண்டி உள்ளே போனார்கள். சங்கீதாவும் போனாள். நீங்கள் கேட்டருகில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

பிரேயர் மணிக்குக் கொஞ்சம் முன்னால் உள்ளிருந்து கரகரவென்று சத்தம் கேட்டது. சங்கீதாவும் இன்னும் நாலைந்து பேரும் ஒரு பெஞ்சை இழுத்துக்கொண்டு வந்து கேட்டுக்கு வெளியே, ரோட்டோரம் போட்டார்கள். அவள் ஆட்டோக்காரர் முன்னால் போய் நின்றாள். "அண்ணே, நாங்கதான் வித்தோம். தப்பான தோல் வாங்கிட்டோம். காசு இல்ல, பிரியாணி சாப்ட்டுட்டோம். அடுத்த வெள்ளிக்கிழமை முதுகுத் தோல்ல வேற பெல்ட் தர்றோம். இதே இடம், இதே பெஞ்சு."

ஆட்டோக்காரர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "பிரியாணி எப்டி இருந்துச்சு?" என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. பழைய பெல்ட்டுகள் பெஞ்சில் குவியத் தொடங்கின.

அப்போது பார்த்துத் தாளாளரின் கார் வந்து நின்றது. அவர் கண்ணாடியை இறக்கி ரோட்டோரக் கூட்டத்தைப் பார்த்தார், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உள்ளே போனார். தலைமையாசிரியர் ஓடி வந்தார். "பெஞ்ச உள்ள போடச் சொல்லுங்க மிஸ். மானம் போவுது. உள்ள வெச்சு முடிச்சா நான் பேசிப் பாக்கறேன்."

ஒரு வார்த்தைதான். நீங்கள் சொன்னால் பிள்ளைகள் மறு நிமிடமே இழுத்திருப்பார்கள். நான் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லித் தொலையுங்களேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன். "எல்லார் முன்னாடியும் வித்தது சார். எல்லார் முன்னாடியுமே திருப்பி வாங்கட்டும்" என்றீர்கள்.

திங்கட்கிழமை நீங்கள் வரவில்லை. சொந்த வேலையாக நின்றுவிட்டார் என்று வகுப்பில் சொல்லச் சொன்னீர்கள், சொன்னேன். "நல்லது பண்ணா வேலை போவும்னு அதுங்க கத்துக்கக் கூடாது" என்று போனில் சொன்னீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் டியூஷன் எடுத்து இழுத்துப் பிடித்துக் குடும்பம் நடத்தியதைப் பார்த்த ஒவ்வொரு முறையும் எனக்கு உங்கள் மேல் ஆத்திரம்தான் வந்தது. அன்பு இல்லாமல் இல்லை. இரண்டும் சேர்ந்தே வந்தன.

உங்கள் வீட்டில் துக்கத்துக்குப் பெண்கள் கூடியிருந்த அறையில், போன மாதம், சங்கீதா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இப்போது ஒரு ஷூ கம்பெனியில் சரக்கைச் சோதித்து அனுப்பும் பிரிவில் இருக்கிறாள். ரொம்ப நேரம் அழுதாள். பிறகு கேட்டாள், "பெஞ்சு போட்டதாலதானே மிஸ், எங்க எகனாமிக்ஸ் மிஸ்ஸுக்கு வேலை போச்சு?"

உங்களுக்குக் கொடுத்த வாக்கு. "இல்லம்மா, சொந்த..." என்று ஆரம்பித்தேன்.

"எங்களுக்கு அந்தத் திங்கட்கிழமையே தெரியும். ஆபீஸ்ல பேசிக்கிட்டாங்க. இனிமே எதுக்குடா பெல்ட்டுன்னு பாதி பேர் கேட்டாங்க. நான்தான் சொன்னேன், அடுத்த வெள்ளிக்கிழமை பெஞ்சு போடலன்னா மிஸ்ஸு வீணா வேலைய விட்ட மாதிரி ஆயிடும்னு."

போட்டார்கள்தான். நீங்கள் இல்லாத அந்த வெள்ளிக்கிழமை, கடைசி பெல்ட்டைக் கொடுத்து முடிக்கும்வரை அவர்கள் வகுப்புக்கு வரவில்லை. உங்கள் வேலை போனது தெரியாமல் செய்தார்கள் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன், நீங்களும் அப்படியே நினைத்துக்கொண்டு போய்விட்டீர்கள். சங்கீதா சொன்னது என்னிடம் இருக்கிறது. உங்களுக்குச் சேர வேண்டியது, கொடுக்க வழி தெரியாமல் வைத்திருக்கிறேன்.