ஸ்பிரிட் வாசனையில் ஒரு ‘வா’

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இன்று தடுப்பூசி முகாம். ஊசி போடும் முன் நர்ஸ் என் கையில் ஸ்பிரிட் பஞ்சைத் தடவினார். சில்லென்ற அந்த வாசனை மூக்கில் ஏறியதும், “ஒண்ணு வந்துடுச்சு” என்று நீ சொல்வது கேட்டது. கண்ணை மூடிக்கொண்டேன். வலிக்கிறதா என்று நர்ஸ் கேட்டார். இல்லை என்றேன்.

மாடியில், நம் ஆய்வகத்தில், அந்த நீளக் கண்ணாடிக் குழாய் இன்னும் இருக்கிறது. ஒரு முனையில் ஸ்பிரிட் தெளிக்கும் குப்பியும் குட்டி ஃபேனும். மறுமுனையில் வாசனையை உணரும் சென்சார். தெளித்தால் ஒன்று, தெளிக்காவிட்டால் சைபர். என்றாவது இரத்தத்தில் மிதக்கப்போகும் நானோ கருவிகளுக்கு ஆன்டெனா வைக்க இடமில்லை. மூலக்கூறுகளை மிதக்கவிட்டுத்தான் ஒன்றோடொன்று பேச முடியும். அந்தப் பேச்சுக்குத்தான் நீயும் நானும் பெரிய அளவில் ஒத்திகை பார்த்தோம். மதிய வெயில் குழாய்க்குள் வந்து நிற்கும்போது, நம் உடம்புக்குள்ளேயே யாரோ மெல்லப் பேசிக்கொள்வதை ஒட்டுக்கேட்பது போலிருக்கும்.

வெளியிலும் உனக்கு அந்த விளையாட்டு விடாது. பெங்களூரின் லிங்கராஜபுரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, “காப்பிக்கொட்டை வறுக்கிறாங்க, ஒண்ணு. சிக்னல்ல ஒண்ணுமில்ல, சைபர். மல்லிப்பூ, ஒண்ணு” என்று படித்துக்கொண்டே வருவாய்.

“ஊரே உனக்குக் கடுதாசி போடுதா?” என்று கேலி செய்வேன்.

“போடுது. நீதான் மூக்க மூடிட்டு வர்ற” என்பாய்.

தினமும் முதல் சோதனைக்கு ‘வா’ என்ற ஒற்றை எழுத்தைத்தான் அனுப்புவோம். அது உன் ஏற்பாடு. ஒவ்வொரு தெளிப்புக்குப் பிறகும் குழாயில் பழைய வாசனை மிச்சமிருக்கும். அது கலையும் முன் அடுத்ததை அனுப்பினால் செய்தி குழம்பிவிடும். நான் அவசரப்படுவேன். “இருடி, பழசு போகட்டும்” என்று நீ ஒந்து, எரடு, மூரு எனக் கன்னடத்தில் அறுபது வரை எண்ணுவாய். அந்த எண்ணிக்கையில் எனக்குக் கண் சொக்கும்.

போன மழைக்காலத்தில் ‘வா’ ஒழுங்காக வரவே இல்லை. சைபர் இருக்கவேண்டிய இடங்களில் ஒன்று வந்தது. மூன்று வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு எரிந்து விழுந்தேன். “நீ சரியா எண்ணல. எல்லாம் உன்னாலதான்.”

நீ கத்தவில்லை. “எண்ணித்தான்டி அனுப்பினேன்” என்று சொல்லிப் பையை எடுத்துக்கொண்டு போனாய்.

பத்து நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. சளிக்குப் பயந்து, சென்சார் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஓயாமல் கையில் சானிடைசர் தேய்த்துக்கொண்டிருந்தவள் நான். அதுவும் ஸ்பிரிட்தானே. நீ அனுப்பாத ஒன்றுகளை என் கைதான் அனுப்பியிருக்கிறது. வெட்கத்தில் உடம்பே கூசியது. அன்றே உன் வீட்டுக்கு ஓடி வந்திருக்க வேண்டும். ஆனால் குழாய்க்கு நீ சொன்னதை உனக்கே வைத்துப் பார்த்தேன்: கோபம் கலையட்டும், பழசு போகட்டும்.

அந்த வார வியாழக்கிழமை உன்னிடமிருந்து போனில் ஒரே எழுத்து வந்தது. ‘வா’. சமாதானத்துக்குக் கூப்பிடுகிறாய் என்று பூரித்துப் போனேன். பதில் போடவில்லை. ஞாயிறன்று உனக்குப் பிடித்த, தேங்காய்ப் பூரணம் வைத்த பேக்கரி தில்பசந்த் வாங்கிக்கொண்டு, மன்னிப்பு கேட்கும் வார்த்தைகளை நன்றாகத் தயார் செய்துகொண்டு, திடீரென்று வாசலில் வந்து நிற்பதாக இருந்தேன்.

சனிக்கிழமை உன் அண்ணன் அழைத்தார். டெங்கு. நான்கு நாளாக ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு, அன்று விடிகாலையில் போய்விட்டாயாம். “உங்களத்தான் கேட்டுக்கிட்டே இருந்தா” என்றார். அவர் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதைத்தான் இன்னும் தாங்க முடியவில்லை.

இப்போதும் காலையில் முதலில் ‘வா’ அனுப்புகிறேன், அறுபது எண்ணுகிறேன். ஆனால் காத்திருப்பதெல்லாம் குழாய்க்கு மட்டும்தான். யாராவது கூப்பிட்டால் உடனே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறேன். என்ன சொல்வது என்பதை வழியில் யோசித்துக்கொள்கிறேன்.

இன்று ஊசி போட்ட இடத்தில் ஈரப் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி மாடி ஏறினேன். சென்சார் அருகே போய் நின்றதும், யாரும் எதையும் தெளிக்காமலே திரையில் ஒரு ஒன்று விழுந்தது. என் கைதான், தெரியும்.

“வந்துட்டேன்டி” என்றேன்.