கேட் வரிசையில் ஒரு பந்தயக் கார்

மே 14, வியாழன்

எண்ணூர் விரைவுச் சாலை. காலை ஏழுக்கே வெயில். நேற்று மாலையிலிருந்து துறைமுகக் கேட் வரிசையில் நானும் என் டிரெய்லரும். உள்ளே ஏதோ ஸ்கேன் மெஷின் படுத்துவிட்டதாம். கிளீனர் வைக்கும் வழக்கம் ஒழிந்து வருஷங்கள் ஆயிற்று. இறங்கி எங்கும் போக முடியாது. முன்வண்டிக்குப் பின்னால் கொஞ்சம் இடைவெளி விழுந்தால் போதும், மணலிப் பக்கத்திலிருந்து வருகிறவன் மூக்கை நுழைத்துவிடுவான்.

ஞாயிறு காலை பத்துக்கு என் முதல் பந்தயம். ரிமோட் கார். சோழிங்கநல்லூரில் ஒரு கல்யாண மண்டபத்துப் பார்க்கிங். புதியவர் பிரிவு. என் வயது ஐம்பத்தொன்று.

கார், சீட்டுக்குப் பின்னால், லுங்கியில் சுற்றிப் பத்திரமாக.

மே 15, வெள்ளி

புழுக்கம். நகர்ந்தது: நாலு வண்டி நீளம்.

காரின் நிலவரம். சேசிஸ், பர்மா பஜாரில் வாங்கிய பழசு, இடப்பக்கம் இழுக்கிறது. மோட்டார், மலிவு ரகம். டயர் ஒரே செட். வலப்பக்கம் எடை குறைவு, அதனால் மச்சானின் மீன்வலையிலிருந்து சுட்ட நாலு ஈயக்குண்டு, டேப் போட்டு ஒட்டியது. மேல்கூடு கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக். லாரிக்குப் பெயர் எழுதும் பெயின்டரிடம் கொடுத்தேன். வெளிப்பக்கம் ஜோராக அடித்துக் கொடுத்தான். உள்பக்கம்தான் அடிக்க வேண்டுமாம், உரசினால் போகாதாம். யாருக்குத் தெரியும்? முதல் திருப்பத்திலேயே பாதிச் சிவப்பு ரோட்டோடு.

முன்வண்டி தாஸ் ஈயக்குண்டைப் பார்த்துவிட்டான்.

"இன்னா மாமு, காரை வுட்டு மீன் புடிக்கப் போறியா?"

மனைவி செல்வி போனில்: "உன் வயசு ஆம்பளைங்க பி.பி. மாத்திரை வாங்கிகினு கீறானுங்க. நீ பொம்மை காரு வாங்கிகினு கீற." பி.பி. மாத்திரையும் வாங்குகிறேன் என்று சொல்லவில்லை.

வரிசைக்கும் நடுச்சுவருக்கும் இடையே ஓர் ஆள் அகலம். அதுதான் பயிற்சித் தளம். திருப்பத்துக்குத் தண்ணீர் பாட்டில்கள். பல்சக்கரமெல்லாம் மணல், பழைய டூத்பிரஷ்ஷால் சுத்தம். கேபினில் உட்கார்ந்தால் மூச்சு முட்டுகிறது. இறங்கினால் வண்டியை விட்ட பயம்.

மே 16, சனி

மாலை நாலு. எழுதவே வெட்கம்.

பயிற்சி. கார் இடப்பக்கம் இழுத்து நேராகத் தாஸ் வண்டிக்கு அடியில். பின்சக்கரத்துக்கு முன்னால் போய்ப் பேட்டரி தீர்ந்து நின்றது. அந்த நிமிஷம் பார்த்து கேட் திறந்தது. வரிசை முழுக்க எஞ்சின் சத்தம்.

ஓடிப் போய்த் தாஸின் கதவைத் தட்டினேன்.

"நிறுத்துப்பா, கீழ என் வண்டி கீது."

"உன் வண்டி பின்னாலதானே கீது, மாமு."

"சின்ன வண்டிப்பா."

மூன்று நாளாகச் சரியாக நகரவில்லை என்று சாபம் விட்டவன், நகர ஆரம்பித்ததும் தாஸ் வண்டிக்கு அடியில் குறுக்கே படுத்துக்கொண்டேன். தொப்பை ஒரு பக்கம் மாட்டிக்கொண்டது. பின்னால் எத்தனை ஹாரன். "எவன்டா அது, உயிரை மாய்ச்சுக்க வேற எடம் கிடைக்கலியா?" காரை இழுத்துக்கொண்டு வெளியே வந்தால், எங்களுக்கு முன்னால், தாஸ் நகராமல் விட்ட இடைவெளியில், ஒன்பது புது டிரெய்லர். எல்லாம் மணலிக்காரர்கள்.

எங்களுக்கு முன்னால் நின்ற பழைய ஆட்கள் எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். மணலிக்காரர்களிலும் மூன்று பேர் போனார்கள். பிறகு கேட் மூடியது. தாஸ் மட்டும் நேராகப் போயிருந்தால் அவனும் நானும் இந்நேரம் உள்ளே. இறக்கிவிட்டு இரவே வீடு.

காருக்கு ஒரு கீறல்கூட இல்லை. இருக்கிற பெயின்ட்டில்.

தாஸ் டீ கொடுத்தனுப்பினான், சர்க்கரை போடாமல்.

மே 17, ஞாயிறு

மேகமூட்டம். ஒன்பதரை. கேட் திறக்கவில்லை. பேட்டரி முழு சார்ஜ். டயரைத் துடைத்து வைத்தேன், எதற்கென்று தெரியாமல்.

பத்தடிக்க ஐந்து நிமிஷம். போன். பந்தயம் நடத்துகிற தம்பி.

"அங்கிள், ரெண்டாவது ஹீட்ல ஓட்டுறவங்க லிஸ்ட்ல உங்க பேர். எங்க இருக்கீங்க?"

தாஸ் தன் வண்டிக் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வந்துகினே கீறேன், தம்பி" என்றேன். ஹாண்ட்பிரேக் போட்டிருந்தது.