ஏன் ஏழு?

மார்ச் 3
கிடங்கிலிருந்து சரக்கு வண்டிகளை வழிபிரித்து அனுப்பும் எங்கள் கணினி நிரலில் 'எக்ஸ்2' என்று இருந்த பெயர் இன்று முதல் 'காத்திருக்கும் வண்டிகள்' என அழைக்கப்படும். வரலாற்றுச் சிறப்புமிக்க இம்முடிவை எதிர்த்தவன் நான் ஒருவன். அந்த நிரலை எழுதியவனும் நான் ஒருவன். புரிந்தவனும் நான் ஒருவன்.

மார்ச் 4
மனைவிக்கு அடுத்த மாதம் பிரசவம். "மூத்தவன் பொறந்தப்ப லேப்டாப்ப மடியில வச்சுக்கிட்டு ஆஸ்பத்திரி வராண்டாவுல இருந்தீங்க. இந்தத் தடவ அதுக்கும் ஒரு கட்டில் சொல்லிடட்டுமா?" என்றாள். அவள் சிரிக்கவில்லை.

மார்ச் 5
என் எதிர்ப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

மார்ச் 11
நிரலைப் படித்துப் பார்க்கும் பொறுப்பு பக்கத்து மேசை அக்காவுக்கு. வரிக்கு வரி 'ஏன்?' என்று எழுதுவதால் அலுவலகத்தில் அவர் ஏன்-அக்கா. "தலையெழுத்தக்கூடப் படிச்சிரலாம் தம்பி, நீ எழுதினதத்தான் முடியல," என்றார்.

மார்ச் 12
ஒரு நேரத்தில் ஏழு வண்டிதான் கிளம்பலாம் என்று எழுதியிருக்கிறேன். ஏன் ஏழு? — அக்கா. என்னக்கா இது, விசாரணைக் கமிஷனா? ஏழுன்னா ஏழுதான்! — நான். சரி, ஏன் ஏழு? எனக்கே தெரியவில்லை.

மார்ச் 13
அக்கா கிடங்கு மேலாளருக்கே போன் போட்டுவிட்டார். நான் நிரல் எழுதிய காலத்தில் கிடங்கு வாசலில் ஏழு வண்டிதான் நிற்குமாம். போன வருடமே சுவரை இடித்தாகிவிட்டது; இப்போது பன்னிரண்டு நிற்கும்.
"அப்பவே சொல்லியிருக்கலாமே சார்?" என்றார் அக்கா.
"நீங்க கம்ப்யூட்டர்காரங்க, ஏதாவது காரணம் இருக்கும்னு நெனச்சோம். நீங்க ஏன் கேக்கல?"
ஒரு வருடமாக இரு தரப்பும் ஒருவர் அறிவை ஒருவர் மதித்து வந்திருக்கிறோம்.

மார்ச் 24
நான் பிரசவத்துக்கு விடுப்பில் போகும் நாளுக்கு ஒத்திகை. அக்கா வேண்டுமென்றே நிரலில் ஒன்றைக் கெடுத்தார். இன்னொருவர் சரிசெய்ய வேண்டும். "நீ வாயத் தொறக்கக் கூடாது," என்று எனக்கு உத்தரவு. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். புதிய பெயர்களைப் படித்துக்கொண்டே போய்ப் பிழையைப் பிடித்துவிட்டார்கள். யாரும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொஞ்சம் வலித்தது. கொஞ்சம்தான்.

ஏப்ரல் 9
காலையில் மகள் பிறந்தாள். அதே நேரத்தில் வழிபிரிப்பு நின்றுபோய், அக்கா சரிசெய்துவிட்டாராம், மாலையில்தான் சொன்னார்கள். பிரசவ அறையில் மனைவி பிடித்த பிடியில் வலது கை வீங்கியிருக்கிறது. இதை இடது கையால் எழுதுகிறேன்.