நான்கு நிமிடக் காய்

மார்ச் 4

அன்பு மகளுக்கு,

இங்கு நான் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள். என் அடுப்பும் நலம்தானா? உன் வீட்டுப் பரணில் அதற்கு மூச்சு முட்டவில்லையே?

எத்தனை முறை கூப்பிட்டாலும் போனை எடுக்கமாட்டேன். போனில் நீ அழுவாய், நான் கத்துவேன். கடிதத்தில் அந்த வசதி இல்லை.

நீ ஏற்பாடு செய்த கேரியர் சாப்பாடு தினமும் பன்னிரண்டு மணிக்கு வருகிறது. மூன்று அடுக்கு. மூன்றிலும் ஒரே குழையல், நிறம் மட்டும் வேறு. கொண்டுவரும் பெண்ணிடம், "ஏம்மா, இதுல எது காய், எது பருப்பு?" என்று கேட்டேன். அவளே குனிந்து பார்த்துவிட்டு, "மேல இருக்கறது காயா இருக்கும் தாத்தா. பல்லு இல்லாதவங்களுக்குன்னு தனியா பண்றாங்க" என்றாள். எனக்கு இருபத்தாறு பல் இருக்கிறது. நேரம் கிடைத்தால் வந்து எண்ணிப் பார்.

போன வாரம் காய்கறிக் கடைக்கு ஆஸ்பராகஸ் வந்திருந்தது. பச்சைப் பென்சில்களைக் கட்டுக் கட்டினதுபோல் இருக்கும், நுனியில் மொட்டு. ஓட்டல் சலவை அறையில் நாற்பத்தொரு வருஷம் இஸ்திரி போட்டேனே, அங்கே மேஜைவிரிப்பு வாங்கும் ஜன்னல் வழியாகச் சமையல்காரர்கள் அதை ஒடிப்பதைப் பார்த்திருக்கிறேன். யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு தண்டை இரண்டு முனையிலும் பிடித்து வளைத்தால், நார் எங்கே முடிகிறதோ அங்கே அதுவாக ஒடியும். கத்தி வேண்டாம். அடிப்பக்கம் குப்பைக்கு, நுனிப்பக்கம் தட்டுக்கு.

அடுப்பைத்தான் தூக்கிக்கொண்டு போய்விட்டாயே, பிறகு எப்படிச் சமைத்தேன் என்று கேட்பாய். இஸ்திரிப் பெட்டியால். கழுவித் துடைத்த தண்டுகளை அலுமினியத் தாளில் ஒரே வரிசையாக அடுக்கி, கொஞ்சம் வெண்ணெயும் உப்பும் போட்டு, நாலு பக்கமும் மடித்தேன். அடியில் நாலாக மடித்த துண்டு. பெட்டியை முழுச் சூட்டில் வைத்து மேலே அழுத்தினேன். தேய்க்கக் கூடாது, தாள் கிழியும். ஒரு பக்கம் இரண்டு நிமிடம், புரட்டிப் போட்டு இன்னும் இரண்டு. அவ்வளவுதான். பச்சை மாறாமல், கடித்தால் சத்தம் கேட்கிறாற்போல் வெந்திருந்தது.

இனி என்ன செய்வாய்?

உன் அப்பா
(இன்னும் உயிரோடு)

மார்ச் 11

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டினேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுப்பு போனால் இஸ்திரிப் பெட்டி. அதையும் எடுத்தால் மெழுகுவத்தியா?

அன்று எதிர்வீட்டு டீச்சர் என் அலுவலகத்துக்குப் போன் செய்து, "உங்கப்பா வீட்டுக் கதவுக்கடியில புகை வருதும்மா, தட்டினா தொறக்க மாட்டேங்கறார்" என்றார். வந்து சேர எனக்கு இருபது நிமிடம் ஆனது. அந்த இருபது நிமிடம் நான் என்னவெல்லாம் நினைத்தேன் என்று நீங்கள் இதுவரை கேட்கவில்லை. கதவை உடைத்து உள்ளே போனால், கொண்டைக்கடலை கரியாகிப் பாத்திரத்தோடு ஒட்டிக் கிடக்கிறது, ஜன்னல் திரை பாதி எரிந்திருக்கிறது, நீங்கள் நாற்காலியில் தூங்குகிறீர்கள். உலுக்கி எழுப்பியதும் நீங்கள் கேட்ட முதல் கேள்வி, "கதவ யாரு ஒடச்சது?"

என் இடத்தில் நீங்கள் இருந்தால் அடுப்பை விட்டு வைத்திருப்பீர்களா?

இங்கே உங்களுக்கு ஓர் அறை ஒழித்து வைத்திருக்கிறேன். ஜன்னல் தெருவைப் பார்த்து இருக்கிறது. வாருங்கள் அப்பா. உங்கள் பிடிவாதத்தையும் கொண்டு வாருங்கள், அதற்கும் இடம் இருக்கிறது.

உங்கள் மகள்

மார்ச் 15

அன்பு மகளுக்கு,

அந்த இருபது நிமிடத்தைப் பற்றி நான் கேட்கவில்லை, ஏனென்றால் எனக்குத் தெரியும். ஆறு வயதில் நீ சந்தையில் காணாமல் போனாய். எனக்கு அரை மணி நேரம். உன்னைக் கண்டுபிடித்த மறுநாள் என்ன செய்தேன்? வீட்டில் வைத்துப் பூட்டினேனா? அதே சந்தைக்கு, தனியாக, உப்பு வாங்க அனுப்பினேன். உன் அம்மா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. நீ உப்போடு வந்தாய்.

தூங்கியது நான்தான். தப்பு என்னுடையது, மறுக்கவில்லை. ஆனால் அது வயதின் தப்பு இல்லை, கடலையின் தப்பு. ஒன்றரை மணி நேரம் வேகிற ஒன்றை ஏற்றிவிட்டு நாற்காலியில் சாய்ந்தால் இருபது வயதுக்காரனும் தூங்குவான். அதற்காக அடுப்பையே தூக்கிக்கொண்டு போவது, எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை.

இப்போது சட்டம் போட்டிருக்கிறேன். நான் நின்றுகொண்டிருக்கக் கூடிய நேரத்துக்குள் வேகாத எதையும் சமைக்கமாட்டேன். சமையலறை நாற்காலியை வெளியே போட்டாயிற்று. ஆஸ்பராகஸுக்கு நான்கு நிமிடம் போதும். நான்கு நிமிடத்தில் மறக்கிறவன் தன் பெயரையும் மறப்பான். என் பெயர் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

இஸ்திரிப் பெட்டிக்குப் பயப்படுகிறாயா? சரி, கரண்ட் கெட்டில் வழி சொல்கிறேன். மெல்லிய தண்டுகளாகப் பொறுக்கி, உயரமான பாத்திரத்தில் நிற்க வைத்து, கொதிக்கும் தண்ணீரை ஊற்றி மூடிவிடு. எட்டு நிமிடம் கழித்து வடித்து, எண்ணெயும் உப்பும் போடு. அதற்கும் பயம் என்றால் பச்சையாகவே சாப்பிடலாம். தோல் சீவியால் நீள நீளமாக நாடா மாதிரி சீவி, எலுமிச்சை பிழிந்து, உப்பும் மிளகும் தூவிப் பத்து நிமிடம் ஊற விட வேண்டும். இதைத் தடுக்க நீ என் தோல் சீவியைப் பிடுங்க வேண்டும். பிடுங்கினாலும் பிடுங்குவாய்.

டீச்சருக்கு ஒரு தட்டு கொடுத்தேன். "புல்லு மாதிரி இருக்கே" என்றார். தட்டு காலியாகத்தான் திரும்பியது.

உன் அறை நல்ல அறைதான். நான் வரவில்லை.

உன் அப்பா

மார்ச் 20

அன்புள்ள அப்பாவுக்கு,

ஒரு கட்டு வாங்கினேன். பதினைந்து நிமிடம் வேகவைத்தேன். ஈரக் கயிறு மாதிரி ஆகிவிட்டது. அவர் ஒரு வாய் வைத்துவிட்டு, "இது உங்கப்பாவோட கேரியர்ல வந்ததா?" என்று கேட்டார்.

விளையாட்டு போதும். ஒரு மாதமாக எனக்கு வேலை ஓடவில்லை. மேஜையில் போன் அடித்தால் டீச்சரோ என்று பதறி எடுக்கிறேன். சூடு கண்ட பூனை என்று நீங்கள் சொல்வீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வண்டி எடுத்துக்கொண்டு வருகிறோம். உங்கள் துணிமணிகளை எடுத்து வையுங்கள். கோபமாக வந்தாலும் பரவாயில்லை, வந்தால் போதும்.

உங்கள் மகள்

மார்ச் 22

அன்பு மகளுக்கு,

பதினைந்து நிமிடம் வேகவைத்தால் செருப்பும் குழையும். நான்கு என்று எழுதியிருந்தேன். உனக்கு என் சமையலில் மட்டுமில்லை, என் கையெழுத்திலும் நம்பிக்கை போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை வா. வரும்போது அடுப்பையும் சிலிண்டரையும் வண்டியில் ஏற்றி வா. நான் உங்கள் இருவருக்கும் சமைக்கிறேன். நீங்கள் முன்னறையில் உட்கார வேண்டும், உள்ளே வரக் கூடாது. நான் எதையாவது மறந்தால், நானே துணிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வண்டியில் ஏறுகிறேன், வழியில் ஒரு வார்த்தை பேசமாட்டேன். மறக்கவில்லை என்றால் அடுப்பு இங்கே இருக்கும், அந்த அறையில் நீ தையல் மெஷினைப் போட்டுக்கொள்.

துணிமணி எடுத்து வைக்கவில்லை.

உன் அப்பா

மார்ச் 29

அன்புள்ள அப்பாவுக்கு,

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை படுக்கையறையிலிருந்து, "அப்பா, அலமாரிக் கதவு சிக்கிக்கிச்சு, கொஞ்சம் வாங்களேன்" என்று கூப்பிட்டேனே, கதவு சிக்கவில்லை. வாணலியில் எண்ணெய் சடசடக்கும் சத்தம் கேட்டதும் வேண்டுமென்றே கூப்பிட்டேன். நீங்கள் அப்படியே விட்டுவிட்டு வருவீர்கள் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், வரவேண்டும் என்று ஆசைப்பட்டேன். உங்களைக் கூட்டிக்கொண்டு போய்விடலாம்.

முதலில் அடுப்புக் குமிழ் டக்கென்று திரும்பும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் உங்கள் காலடி.

பழைய ரேஷன் அட்டை அது இது என்று பத்து நிமிடம் உங்களை அங்கேயே நிறுத்தி வைத்தேன். அடுப்பு அணைந்தே இருந்தது. திரும்பி வரும்போது வண்டியில் அவரிடம் அழுதேன். ஏன் என்று கேட்டார், எனக்கே தெரியவில்லை.

அடுப்பு இருக்கட்டும். கேஸ்காரர் புதன்கிழமை குழாயைப் பார்க்க வருவார். கையெழுத்துப் போட நான் வருகிறேன். காய் மிகவும் நன்றாக இருந்தது.

உங்கள் மகள்

ஏப்ரல் 3

அன்பு மகளுக்கு,

காய் நன்றாக இல்லை. பாதியில் அணைத்துப் பத்து நிமிடம் கழித்து மறுபடி பற்றவைத்தால் துவண்டுதான் போகும். நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்று இரண்டு பேரும் பொய் சொன்னீர்கள். சரியாகச் செய்யும் முறை இது. அகலமான வாணலியில் ஒரு கரண்டி எண்ணெய், தண்டுகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் ஒரே வரிசை, உப்பு, தட்டிய பூண்டு ஒரு பல். வாணலியை ஆட்டி ஆட்டி உருட்ட வேண்டும். நான்கு நிமிடம். நடுவில் யாரும் கூப்பிடக் கூடாது.

அலமாரி சிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அதன் கீலுக்குப் போன மாதம் எண்ணெய் விட்டவன் நான். நீ கூப்பிட்டால் தீ எரிந்தாலும் போட்டது போட்டபடி ஓடி வருவேன் என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் முதலில் குமிழைத் திருப்பினேன். உன்னை ஜெயிப்பதற்காக இல்லை.

கேரியரை நிறுத்திவிட்டேன். அந்தப் பெண் போகும்போது, "மறுபடி பல்லு போச்சுன்னா சொல்லுங்க தாத்தா" என்றாள்.

புதன்கிழமைக்கு நீ லீவு கிடைக்காமல் தவித்தாயாம், டீச்சர் சொன்னார். தவித்திருக்க வேண்டாம். கேஸ்காரர் வந்தார். "இந்த கேஸ் கனெக்சன் உங்க பொண்ணு பேர்ல இருக்கு, அவங்க கையெழுத்து இல்லாம ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். அடுப்பைத் தூக்கிப் போன கையோடு, ஒரு போன் போட்டு இங்கே வேறு சிலிண்டரும் வராமல் நீ எப்படி நிறுத்தினாய் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. "அப்போ என் பேர்ல புதுசா ஒண்ணு எழுதுங்க" என்றேன். அவர் படிவத்தை எடுத்தார்.

"வயசு?"

"எழுபத்தெட்டு."

"கூட யாரு இருக்காங்க?"

"யாரும் இல்ல."

"பாத்துக்கறதுக்கு?"

"அடுப்பையா, என்னையா?"

அவர் பேனாவை என்னிடம் நீட்டினார்.

உன் பெயரில் உள்ள சிலிண்டரை ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துப் போ. மாப்பிள்ளையையும் அழைத்து வா, பசியோடு வாருங்கள். இனி இந்த வீட்டு அடுப்பை நிறுத்துவதற்கு என் கையெழுத்து வேண்டும். அதை எப்போது போடுவது என்று நான் சொல்கிறேன்.

உன் அப்பா