கோவளத்திலிருந்து போட்ட விளக்கு

1-2, சனி

காலையில் நல்ல பனி. துணி காயவில்லை.

சூப்பர்வைசர் வேலை எனக்குத்தான் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். கோவளம் ரிசார்ட், லினன் ரூம், என் கீழே ஆறு பேர். நாலு வருஷம் காலை ஷிப்டில் பெட்ஷீட் மடித்ததற்குப் பலன். ஒரே சங்கடம்: ஷிப்ட் பன்னிரண்டு முதல் எட்டு. கேளம்பாக்கத்தில் பஸ் மாறி, திருப்போரூர் வந்து சேர ஒன்பது ஆகும்.

மாமனார் (இனி மா., இடம் மிச்சம்) கேட்டதும் தட்டைத் தள்ளி வைத்தார். மா. ஐந்தேகாலுக்குக் கோயிலுக்குப் புறப்பட்டு, குளத்துப் படியில் கூட்டாளிகளோடு உட்கார்ந்துவிட்டு ஏழரைக்கு வருபவர். வீட்டுக்காரர் கம்பெனி வேன் ஓட்டுகிறார், அவர் வரவும் ஒன்பது. ஆறு மணிக்கு விளக்கு வைப்பது யார்?

"வெளக்கு வக்கிற நேரத்துல வூடு இருட்டா கெடந்தா மூதேவி வந்து குந்திக்குவா."

நீங்கள் விளக்கைப் போட்டுவிட்டுக் கோயிலுக்குப் போகக் கூடாதா என்றேன். வீட்டில் பொம்பளை இருக்கும்போது ஆம்பளை எதற்கு விளக்கு வைக்கணும் என்றார். நானும் விடவில்லை. கடைசியில் வீட்டுக்காரர் நடுவில் வந்தார். திங்கள் முதல் வெள்ளி வரை பார்ப்பது. தினம் ஆறு மணிக்கு வீட்டில் வெளிச்சம் இருந்தால் வேலை எனக்கு. ஒரு நாள் இருட்டாகக் கிடந்தாலும் பழைய ஷிப்ட். தெரு முனைக்கு வந்து தானே பார்ப்பதாக மா. சொன்னார். எப்படிப் போடுவாய் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

2-2, ஞாயிறு

கறிக்குழம்பு. இஞ்சி தீர்ந்துவிட்டது.

ஸ்மார்ட் பிளக் மாட்டியாச்சு; வீட்டில் வைஃபை இருந்தால் எங்கிருந்தும் போனிலேயே போட்டு அணைக்கலாம். ரிசார்ட் எலக்ட்ரீசியன் ஜோசப் அண்ணனின் யோசனை. டியூப்லைட் சுவரோடு இருக்கிறது, அதைப் பிளக்கில் செருக முடியாது. அதனால் இரண்டு பல்பு ஹோல்டருக்கு வயர் இழுத்து, முனையில் த்ரீ பின் போட்டுக் கொடுத்தார். ஒரு பல்பு வாசலுக்கு, ஒன்று சாமி அலமாரிக்கு. இரண்டும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில், பாக்ஸ் பிளக்கில், பிளக் சுவரில். போனைத் தொட்டால் எரிகிறது. இருபது தடவையாவது தொட்டிருப்பேன். பைத்தியம் மாதிரி சிரித்தேன்.

மாலையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் வரை போய்ச் சோதனை. 'ஆஃப்லைன்' என்று வந்தது. உயிரே போய்விட்டது. திரும்பி வந்து பார்த்தால் வைஃபை பெட்டி அணைந்திருக்கிறது. அணைத்தது நானேதான். வெளியே கிளம்பும்போது ஃபேன், டிவி, மோட்டார் என்று வரிசையாகத் தட்டிக்கொண்டு வருகிற கை அதையும் தட்டிவிட்டது. கல்யாணமாகி வந்த புதிதில் மா. திட்டித் திட்டிப் பழக்கியது. வைஃபை சுவிட்ச் மேல் பிளாஸ்திரி ஒட்டினேன்.

3-2, திங்கள்

புது ஷிப்ட். 6.02. தொட்டேன். போனில் பச்சை.

நம்பிக்கை வரவில்லை. எதிர்வீட்டுச் செல்விக்குப் போன் செய்தேன். நல்லா எரியுதே, நீ எங்க கீற என்றாள். கோவளம் என்றேன். இரு, இன்னொரு தபா பாத்துட்டு வரேன் என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் மா. குழம்பில் உப்பு கம்மி என்றார். விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நிம்மதியாகத் தூங்கப் போகிறேன்.

4-2, செவ்வாய்

அய்யோ.

6.00 தொட்டேன், ஆஃப்லைன். மறுபடி தொட்டேன், ஆஃப்லைன். செல்வியைக் கேட்டால் வூடு இருட்டா கீது என்கிறாள். அவளிடம் சாவி இல்லை. தலையணை உறையைத் தப்பாக எண்ணி, மறுபடி எண்ணினேன். பஸ்ஸில் அழுகை வந்தது.

மா. எல்லா விளக்கையும் போட்டுக்கொண்டு நடு ஹாலில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். "இருட்டா கெடந்துச்சா இல்லியா, அத்த மட்டும் சொல்லு."

சுவரைப் பார்த்தேன். ஸ்மார்ட் பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கிற சுவிட்ச் அணைந்து கிடக்கிறது. போனைத் திறந்தேன். தொடர்பு போன நேரம் அதில் இருக்கிறது: 5.14. அவர் முன்னால் வைத்தேன்.

"அஞ்சு பதினாலுக்கு வூட்டுல நீங்க மட்டும்தான் மாமா."

கண்ணாடி போட்டு இரண்டு தடவை பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். வேண்டுமென்று செய்யவில்லை, எனக்குத் தெரியும். செருப்பு மாட்டப் போகும்போது கை தானாகத் தட்டியிருக்கும். ஞாயிறன்று நான் செய்த அதே தப்பு. ஆனால் அதை நான் சொல்லவில்லை. ஜெயிக்கிற நேரத்தில் எதற்கு?

வீட்டுக்காரர் தீர்ப்பு: செவ்வாய் செல்லாது. மா. கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

5-2, புதன்

பிளாஸ்திரி மா.விடம் பலிக்காது, பிய்த்துப் போடுவார். தலைக்குக் குளித்துவிட்டு வந்து பிளக் சுவிட்சுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தேன். குங்குமம் வைத்த பொருளை அணைக்க அவர் கை வராது.

6.01. எரிந்தது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். வேறு யார் மெச்சப் போகிறார்கள்?

6-2, வியாழன்

சீயக்காய், இஞ்சி, கேஸ் புக் பண்ண வேண்டும். கால் வீக்கம்.

காலையில் பெருக்கும்போது பார்த்தேன். சுவிட்சில் என் குங்குமத்துக்கு மேலே மூன்று கோடு திருநீறு. நான் பூசவில்லை. வீட்டுக்காரர் குளிக்காமலே வேனுக்கு ஓடுகிற ஆள். யாரையும் கேட்கவில்லை.

6.00. எரிந்தது.

7-2, வெள்ளி

கடைசி நாள். காற்று அதிகம், மொட்டை மாடியில் காய்ந்த துண்டெல்லாம் மணல்.

5.56க்கு மா.விடமிருந்து போன். அவர் எனக்குப் போன் செய்ததே இல்லை. என்னவோ ஆகிவிட்டது என்று பதறி எடுத்தேன். தெரு முனையில் நிற்கிறாராம், குளத்துப் படிக் கூட்டாளிகள் நாலு பேரோடு.

"இன்னாம்மா, ஆறு ஆவப் போவுது. நாலு பேரைக் கூட்டியாந்துகீறேன். நான் சொல்றப்ப போடு."

போடு என்றார், போட்டேன். அந்தப் பக்கம் ஒரே சத்தம். அணைக்கச் சொன்னார். மறுபடி போடச் சொன்னார். மூன்று தடவை. யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது: "என் மருமவ கோவளத்துல கீது. அங்கேர்ந்தே போடுது." இங்கே ஆறு பேரும் மடிப்பதை நிறுத்திவிட்டு என் போனையே பார்த்தார்கள்.

மேனேஜர் ரூமுக்குப் போய்ச் சூப்பர்வைசர் வேலைக்குக் கையெழுத்துப் போட்டேன். பேனா எழுதவில்லை, வேறு வாங்கிப் போட்டேன்.

பத்தொன்பது வருஷம் தினமும் அந்த வீட்டில் விளக்கு வைத்தேன். ஒரு நாள்கூட யாரும் நின்று பார்த்ததில்லை. இன்று ஐந்து பேர் தெருவில் நின்று பார்த்திருக்கிறார்கள், நான் அங்கே இல்லாதபோது.