சமன் வந்தால் முதல் அறைக்கு

நிலவுத் தளம், நாள் 212, காலை
இதைக் கண்டெடுப்பவர்களே, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நேற்று முழுக்க நான் திட்டித் தீர்த்தது காற்றுப் பங்கிடும் கம்ப்யூட்டரை அல்ல, இட்லி சூடாக்கும் பெட்டியை. இரண்டிலும் பச்சை விளக்குதான். அஞ்சாம் வகுப்போடு நின்ற குழாய் ஃபிட்டர் பேச்சித்தாயிடம் தளத்தை விட்டுவிட்டு இஞ்சினியர் பூமிக்குப் போனால் இப்படித்தான்.
1-ஆம் எண் அறையில் நான். 2-ல் ஏசுவடியான், என் கருவாட்டு வாசனை மீது பூமிக்குப் புகார் எழுதிய மகராசன். பூஜ்யம் எண் போட்டது வெங்காயக் கிடங்கு. வேறு ஆள் இல்லை.

நாள் 212, மதியம்
காற்று நின்றுவிட்டது. தினமும் காலையில் இரண்டு அறையும் எவ்வளவு காற்று வேண்டும் என்று எண் போடும். எந்தப் பங்கை யார் கூட்டிக் குறைத்தாலும் அவருக்கே நஷ்டமோ, அந்தப் பங்கைக் கணக்கு கண்டுபிடிக்கும். சமநிலை என்பார் இஞ்சினியர். இன்று நான் நூறு போட்டேன். அவனும் நூறு. கணக்கு முடிவுக்கு வராமல் செக்குமாடாகச் சுற்றுகிறது. வால்வு மூடியே கிடக்கிறது. அறைக்குள் மிஞ்சிய காற்றில்தான் இனி மூச்சு.
இண்டர்காமில் அவன்: "எக்கா, நாளைக்காவது கொறைச்சுப் போடுங்க. கருவாடும் மூச்சு விடட்டும்."
நான்: "லேய், நீ கொறை. மூச்சு முட்டுனா ஒம் புகாரை மோந்து பாரு."

நாள் 213, காலை
மறுபடி நூறு, நூறு.
இந்தக் கணக்கு நிரல் யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தும் பொதுச்சொத்து. பூமியில் அதைப் பராமரிக்கும் அறவாழியின் செய்தி: "அக்கா, எண் சமமா வந்தா என்ன செய்யணும்னு அதுல எழுதவே இல்ல. யாராவது ஒருத்தர் கொறைங்க, அதுக்குள்ள சரிபண்றேன்."
பதில் அனுப்பினேன்: "கொறைக்கிற பேச்சே வேணாம் தம்பி. சமன் வந்தா மொத அறைக்குன்னு எழுது."

நாள் 213, மாலை
தலை கனக்கிறது. திருத்தத்தை இரண்டு பேர் பார்த்துச் சரி சொன்னால்தான் சேர்ப்பார்களாம். ஒருவர் சொல்லிவிட்டார். இன்னொருவர், குறிப்பில் ஒரு கமா தப்பு என்கிறார். நல்லா இருங்க சாமி.

நாள் 214, காலை
திருத்தம் வந்தது. ஏற்றினேன். நூறு, நூறு. வால்வு திறக்கும் சத்தம் கேட்டது!
"லேய் ஏசுவடியான், மொத அறை யாருதுன்னு கதவைப் பாரு!"
"எக்கா... வெளையாடாதீங்க. நெஞ்சு அடைக்குது."
சிரித்தேன். பாதியில் இருமல்.
என் அறைக்கும் காற்று வரவில்லை.

நாள் 214
அறவாழி: "அக்கா, கேக்க மறந்துட்டேன். கம்ப்யூட்டர் பூஜ்யத்துலேர்ந்துதான் எண்ணும். பூஜ்யம் அறையில யாரு இருக்கா?"
வெங்காயம்.
எண்ணைக் குறைக்கப் பார்த்தேன். நாளைக் காலைதான் வாங்குமாம்.

கிடங்கு வாசல்
தவழ்ந்து வந்தேன். அவனும் வந்திருக்கிறான். உள்ளே காற்று இரையும் சத்தம். உள்ளே ஏறிய காற்றின் அழுத்தத்தில் கதவு இறுகிவிட்டது. "எக்கா, சேந்து இழுப்போம்." சரி என்றேன்.
இழுத்தோம்.
கைப்பிடி கழன்று வந்துவிட்டது. என் கையில் இருக்கிறது.